இனிப்புத் தட்டு அடுக்குவது எப்படி? நெல்லைப் பக்கத்து விசேஷ வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் இனிப்புக்குப் பஞ்சமே இல்லை. டவுனில் அல்வா, தூத்துக்குடியில் மக்ரூன், கோவில்பட்டியில் கடலைமிட்டாய், உடன்குடியில் கருப்பட்டி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கிச் சாப்பிடும்போது எந்தத் தொல்லையும் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் சேர்த்துச் சபையில் வைக்கப் போனால்தான் சிக்கல் தொடங்கும். அல்வாவின் நெய் ஓடி மக்ரூனுக்கு அடியில் தேங்கும். கருப்பட்டிப் பாகில் ஊறிய கருப்பட்டி மிட்டாயிலிருந்து பாகு இறங்கிக் கடலைமிட்டாயில் ஒட்டும். பால்கோவா ஓரம் காய்ந்து நிறம் மாறும். காலையில் பளிச்சென்று இருந்த தட்டு, தாம்பூலம் மாற்றும் நேரத்துக்குள் களைத்துப்போய்விடும்.

எங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்தின்போது இந்த வேலை என் பொறுப்பில் வந்தது. கேட்ட இடத்தில் எல்லாம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எதை முதலில் வாங்குவது, எது எத்தனை நாள் தாங்கும், எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்ல ஒருவரும் இல்லை. முதன்முறை இந்த வேலையை ஏற்பவர்கள் அந்த அலைச்சல் படவேண்டாம் என்பதற்காக, முழு முறையையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தட்டைக் கெடுப்பவை இரண்டே இரண்டு: ஓடுகிற நெய், ஏறுகிற ஈரம். எந்தப் பண்டத்தை எந்த நாளில் கைக்குக் கொண்டுவருவது, எதன் பக்கத்தில் எதை வைக்கக் கூடாது என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ரிப்பன், ஜிகினா எல்லாம் அதற்குப் பிறகுதான். அவை இல்லாவிட்டாலும் குறை இல்லை.

1. ஆள் கணக்கிலிருந்து தட்டுக் கணக்குக்கு

சபையில் மாற்றிக்கொள்ளும் தட்டு வேறு, வந்தவர்களுக்கு நீட்டும் தட்டு வேறு. முன்னதில் எண்ணிக்கை முக்கியம். தட்டுகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பார்கள்: ஐந்து, ஏழு, ஒன்பது என்று. அதில் இனிப்புத் தட்டு ஒன்றோ இரண்டோதான். எத்தனை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சம்பந்தி வீட்டு வழக்கத்தையும் விசாரித்துவிடுங்கள். கடைசி நாளில் "இன்னும் ஒரு தட்டு கூட்டினால்தான் கணக்கு சரியாகும்" என்று மதினி சொன்னால் ஓடுவதற்கு நேரம் இருக்காது.

நீட்டும் தட்டுக்கு எடைதான் கணக்கு. சாப்பாட்டுக்கு முன் தருவதாக இருந்தால் ஆளுக்கு 60 முதல் 70 கிராம் போதும். சாயங்கால விசேஷம், காபியோடு இனிப்பும் காரமும்தான் என்றால் ஆளுக்கு 100 கிராம் வையுங்கள். 14 அங்குலத் தாம்பாளத்தில் ஓர் அடுக்காகப் பரப்பினால் சுமார் ஒன்றரைக் கிலோ கொள்ளும். ஆகவே முப்பது பேர் வருகிற சாயங்கால விசேஷத்துக்கு மூன்று கிலோ, இரண்டு தட்டு. ஒரே தட்டில் மேலே மேலே குவிப்பதைவிட இரண்டு தட்டாகப் பிரிப்பதே நல்லது. குவித்தால் அடியில் இருப்பவை நசுங்கும். எடுப்பவர்களும் கிளறித்தான் எடுப்பார்கள்.

2. மாதத்தைப் பார்த்துப் பண்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் தெரியும். அந்த வெக்கையில் நெய் ஒரு நேரமும் உறையாது. அல்வாவை மொத்தமாக வைத்தால் ஒரு மணி நேரத்தில் தட்டில் நெய்க்குளம் கட்டும். பால் சேர்ந்த பண்டங்களும் அந்த மாதங்களில் சீக்கிரம் புளிக்கும். கோடை விசேஷத்துக்கு அல்வாவையும் பால்கோவாவையும் குறைத்து, முந்திரிக்கொத்து (சிறுபயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரிப்பது), கடலைமிட்டாய், தேங்காய் பர்பி ஆகியவற்றைக் கூட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை நேர் எதிர். காற்றில் இருக்கும் ஈரத்தைச் சீனியும் வெல்லமும் இழுத்துக்கொள்ளும். வெல்லம், கருப்பட்டி சேர்ந்தவை இன்னும் வேகமாக இழுக்கும். மொறுமொறுவென்று இருந்த மக்ரூன் திறந்து வைத்த கொஞ்ச நேரத்தில் சவ்வுபோல் ஆகிவிடும். கடலைமிட்டாய் கையில் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் இந்த இரண்டையும் கடைசி நிமிடம்வரை உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.

தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி போன்ற கடலோர ஊர்களில் விசேஷம் என்றால் மாதம் எதுவானாலும் மழைக்கால விதியையே கடைப்பிடிப்பது நல்லது.

3. நிறத்தைப் பார்த்துப் பட்டியல் போடுங்கள்

நம் பக்கத்து இனிப்புகளில் பெரும்பாலானவை பழுப்பு. அல்வா செம்பழுப்பு, கடலைமிட்டாய் பொன்பழுப்பு, கருப்பட்டி மிட்டாய் கரும்பழுப்பு. இருப்பதில் பிடித்ததை எல்லாம் வாங்கிவந்து வைத்தால் தட்டு முழுவதும் ஒரே நிறமாக மங்கித் தெரியும். சுவையில் குறையில்லாத எத்தனையோ தட்டுகள் பார்வைக்கு எடுபடாமல் போவதற்கு இதுதான் காரணம். சாயம் சேர்த்த ரோஸ், பச்சை மிட்டாய்களை இடையில் செருகிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நம்மிடமே வெள்ளை இருக்கிறது: மக்ரூன், பால்கோவா, தேங்காய் பர்பி. பச்சைக்கு வாழையிலை இருக்கிறது. மஞ்சளுக்கு முந்திரிக்கொத்தின் மேல்மாவு இருக்கிறது.

ஒன்றரைக் கிலோ தட்டுக்கு நான் பரிந்துரைக்கும் அளவு இது: அல்வா 400 கிராம், முந்திரிக்கொத்து 350, பால்கோவா 200, கடலைமிட்டாய் 150, தேங்காய் பர்பி 150, கருப்பட்டி மிட்டாய் 150, மக்ரூன் 100. மக்ரூனில் 100 கிராம் குறைவாகத் தோன்றும். அது காற்றடைத்த பண்டம். எடை இல்லாமலே இடத்தை நிறைக்கும்.

ஏழுக்கு மேல் போகாதீர்கள். பத்து வகை வைத்தால் ஒவ்வொன்றும் நாலு துண்டாகச் சிதறி நிற்கும்.

4. ஆர்டர், ரசீது, உறை: எழுத்தில் இருக்க வேண்டியவை

தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாள்களிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் கடைகளில் நிற்க இடம் இருக்காது. பத்து நாள் முன்பாகவே சொல்லிவைத்து முன்பணம் கொடுங்கள். ரசீதில் நான்கு விஷயங்கள் எழுதியிருக்க வேண்டும்: பண்டத்தின் பெயர், எடை, எடுக்க வேண்டிய நாளும் நேரமும், கொடுத்த முன்பணம். "தெரிந்த கடைதானே, வாய்ச்சொல் போதும்" என்று விடாதீர்கள். கூட்ட நாளில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வேறு ஆளாக இருப்பார். தாளில் இருப்பது மட்டுமே செல்லும்.

உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கு, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. தட்டு முன்னால் சீட்டு இல்லையென்றால் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பால்கோவாவுக்கு இது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

உறையில் வரும் பண்டங்களில் மூன்றைப் பாருங்கள்: தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், சைவ அசைவக் குறி. மூன்றாவதைத் தவறவிட்டால் சபையில் சங்கடம் வரும். தூத்துக்குடி மக்ரூன் முந்திரி, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாவது. பார்ப்பதற்கு வெள்ளை வெளேரென்று இருப்பதால் முட்டை சேர்ந்தது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. முட்டை சேர்த்த பண்டத்தின் உறையில் பச்சைக் குறிக்குப் பதிலாகப் பழுப்பு நிற அசைவக் குறி இருக்கும். சம்பந்தி வீட்டார் முட்டை தொடாதவர்கள் என்றால் மக்ரூனைத் தட்டில் சேர்க்கவே வேண்டாம். அந்த இடத்தில் தேங்காய் பர்பியைக் கூட்டிக்கொள்ளுங்கள். இதை முதல் நாளே விசாரித்துவிடுவது நல்லது.

புவிசார் குறியீடு பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இலும், உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இலும் அதைப் பெற்றன. உறையில் ஊர்ப் பெயர் பெரிதாக அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காமல், தயாரித்த முகவரி அந்த ஊர்தானா என்று சிறிய எழுத்தில் இருப்பதையும் படித்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு வெள்ளைத் தாளில் தட்டில் இருக்கும் பண்டங்களை வரிசையாக எழுதி, எதில் முட்டை, எதில் கடலை, முந்திரி, எதில் பால் என்று குறித்து, பரிமாறப்போகும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் எல்லாச் சொந்தத்திலும் இருக்கிறார்கள். தட்டை நீட்டுபவருக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

5. எவ்வளவு ஆகும்?

மேலே சொன்ன ஒன்றரைக் கிலோ தட்டுக்கு 1,000 முதல் 1,500 ரூபாய்வரை ஒதுக்கிக்கொள்ளுங்கள். நெய்யும் முந்திரியும் என்ன விலை விற்கின்றன என்பதைப் பொறுத்து இது ஏறும், இறங்கும். பட்டியலில் கிலோவுக்கு மிக அதிக விலை மக்ரூன். மிகக் குறைவு கடலைமிட்டாய். பணத்தை இறுக்க வேண்டுமானால் மக்ரூனில் கைவையுங்கள், அல்வாவில் வைக்காதீர்கள். திருநெல்வேலிக்காரர் வீட்டுத் தட்டில் அல்வா மட்டமாக இருந்தால் அதை யாரும் மறக்க மாட்டார்கள். நெய்யின் தரம் வாயில் வைத்த கணமே தெரிந்துவிடும்.

தாம்பாளத்தைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. பாத்திரக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். அக்கம்பக்கத்திலும் இரவல் கிடைக்கும். வாடகைக்கு எடுத்தால் எண்ணிக்கை, முன்பே உள்ள நெளிசல் இரண்டையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரும் வாக்குவாதத்தில் பாதி அந்த நெளிசலைப் பற்றித்தான்.

பலரும் மறக்கும் செலவு: கண்ணாடித்தாள், வாழையிலை, ஓலைக்கொட்டான் (ஓலையில் முடைந்த சிறு கூடை), இரண்டு ஊர் பஸ் கட்டணம். எல்லாம் சில்லறைதான், சேர்த்துப் பார்த்தால் கால்வாசி வந்து நிற்கும்.

6. வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: முந்திரிக்கொத்து (நான்கு நாள் முன்பு)

எல்லாவற்றையும் வீட்டில் செய்யப் புறப்படாதீர்கள். கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, தெளியவைத்து, மணிக்கணக்கில் கிண்டினால்தான் அல்வா. விசேஷ வேலைக்கு நடுவே முதன்முறை கிண்டுவதற்கு ஏற்ற பண்டம் அது இல்லை. முந்திரிக்கொத்து வேறு. பதற்றப்படாமல் செய்யலாம், நான்கு நாள் முன்பே முடித்துவிடலாம், வாரம் தாண்டியும் கெடாது. கடையில் கிடைப்பதைவிட வீட்டில் செய்தது நிச்சயமாக மேல்.

இரண்டு தட்டுக்கான அளவு: சிறுபயறு 250 கிராம், கருப்பட்டி 200 கிராம், அரை மூடித் தேங்காய், எள் இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய், சுக்கு.

சிறுபயறை மிதமான தீயில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறவைத்து, உடைத்து, தொலியைப் புடைத்துவிட்டு, ரவைப் பதத்தில் திரியுங்கள். நைசாக அரைத்தால் உருண்டை மாவாகக் கரையும். எள்ளைப் பொரியும்வரை வறுங்கள். தேங்காய்த் துருவலைப் பொன்னிறமாகும்வரை, கையில் எடுத்தால் ஈரமே இல்லாமல் சலசலக்கும்வரை வறுக்க வேண்டும். இந்தப் பண்டத்தின் ஆயுள் முழுவதும் இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது. தேங்காயில் ஈரம் தங்கினால் இரண்டாம் நாளே காரல் வாடை வந்துவிடும்.

கருப்பட்டியைத் தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரையவிட்டு, கட்டாயம் வடிகட்டுங்கள். எவ்வளவு நல்ல கருப்பட்டியிலும் மணலும் தூசியும் இருக்கும். வாங்கும்போதே ஒரு சில்லை உடைத்துப் பாருங்கள். உடைந்த இடத்தில் சீனிபோல் மினுமினுத்தால் கலப்படமோ என்று சந்தேகப்பட வேண்டும். வடித்த பாகை மறுபடி அடுப்பில் வைத்து, விரலிடையில் தொட்டால் இளசான கம்பி வரும் பதத்தில் இறக்கி, பயறு, தேங்காய், எள், ஏலம், சுக்கு எல்லாவற்றையும் கொட்டிக் கிளறுங்கள். சூடு ஆறுவதற்குள் சிறு நெல்லிக்காய் அளவில் உருட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் உதிரும், ஒரு கை வெந்நீர் தெளித்து உருட்டலாம் என்றாலும் அப்படி உருட்டியது நாள்படத் தாங்காது. இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். உருட்டியதை ஓர் இரவு துணியில் பரப்பி வையுங்கள்.

மறுநாள் பச்சரிசி மாவு ஒரு டம்ளர், மைதா கால் டம்ளர், மஞ்சள்தூள், உப்பு ஒரு சிட்டிகை சேர்த்துத் தோசைமாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரையுங்கள். மூன்று உருண்டைகளை ஒன்றாகக் கையில் அள்ளி மாவில் முக்கி, அப்படியே எண்ணெயில் விடுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். மாவு எங்காவது படாமல் விட்டிருந்தால் அந்த வழியாகக் கருப்பட்டி கசிந்து எண்ணெய் கறுத்துவிடும். அடுத்தடுத்த ஈடுகளும் கறுக்கும். முதல் ஈட்டில் மூன்று கொத்து மட்டும் போட்டு மாவின் பதம் சரிதானா என்று பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள். மேலே மஞ்சள் மாறாமல், கரண்டியால் தட்டினால் கெட்டிச் சத்தம் கேட்கும்போது எடுங்கள்.

சூடு முற்றிலும் ஆறிய பிறகே டின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து, மேல்மாவு தொய்ந்துவிடும்.

7. அல்வாவை அடக்குவது (முதல் நாள் மாலையும், அன்று காலையும்)

அல்வாவை முதல் நாள் மாலை வாங்குங்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கிறது; வரிசை நீளமாக இருக்கும், சரக்கு தீர்ந்தால் அடைத்துவிடுவார்கள். அங்கேதான் வாங்குவது என்று முடிவெடுத்தால் ஒருவரை அதற்கென்றே அனுப்புங்கள். ஆனித் தேரோட்ட நாள்களில் ரத வீதிகளுக்குள் வண்டி போகாது; அந்த வாரத்தில் விசேஷம் என்றால் ரயில் சந்திப்புப் பக்கத்துக் கடைகளில் சொல்லிவையுங்கள்.

வாங்கிய அல்வாவைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. நெய் உறைந்து மேலே வெள்ளைப் படலம் கட்டும். மறுபடி சூடாக்கினால் பதம் மாறும். வெளியிலேயே நான்கு நாள் நன்றாக இருக்கும்.

நம் ஊர் அல்வாவைப் பர்பிபோல் வில்லை போட முடியாது. கத்தி வைத்தால் இழுக்கும். தட்டில் வைத்தால் சரிந்து பரவும். ஆகவே அன்று காலை இப்படிச் செய்யுங்கள். எவர்சில்வர் தட்டு ஒன்றின் ஒரு பக்கத்துக்கு அடியில் கரண்டிக்காம்பைக் கொடுத்துச் சாய்த்து வையுங்கள். மேட்டுப் பக்கம் அல்வாவைப் பரப்பிவிட்டு இருபது நிமிடம் விட்டால், மிஞ்சிய நெய் தானாகவே கீழ்ப்பக்கம் இறங்கி நிற்கும். அந்த நெய்யைக் கிண்ணத்தில் ஊற்றி வையுங்கள். மறுநாள் தோசைக்கு அதைவிட நல்ல நெய் கிடைக்காது.

அந்த இருபது நிமிடத்தில் இலையைத் தயார் செய்துவிடலாம். தலைவாழையிலையைத் துடைத்து, அடுப்புத் தீயின்மேல் ஒருமுறை வேகமாக இழுத்து வாட்டுங்கள். தீ பட்ட இடம் சட்டென்று கரும்பச்சையாகிப் பளபளக்கும். பிறகு மடக்கினாலும் கிழியாது. நடு நரம்பை விட்டுவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து விளிம்பைச் சுற்றிக் கத்தரியால் வெட்டினால் கைக்கு அடக்கமான வட்டங்கள் கிடைக்கும். நெய் தொட்ட தேக்கரண்டியால் அல்வாவை அளந்து, 25 கிராம் அளவில் ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் வையுங்கள். கரண்டியின் முதுகால் உச்சியில் ஒரு சிறு குழி அழுத்தி, வறுத்த முந்திரிப் பாதி ஒன்றை அதில் பதித்தால் முடிந்தது. 400 கிராமில் பதினாறு வரும். எடுப்பவர் இலையோடு எடுத்துக்கொள்வார். கையும் ஒட்டாது, பக்கத்துப் பண்டத்துக்கு நெய்யும் போகாது.

8. தட்டும் அதன் விரிப்பும்

பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கி, துணியால் துடைத்து, வெயிலில் காயவையுங்கள். விளிம்பு மடிப்பில் நிற்கும் நீர்தான் ஈரம் வரும் வழி. பண்டம் நேரே பித்தளையில் படாதபடி வாட்டிய இலையை முழுதாக விரித்துவிடுங்கள். செய்தித்தாளை எக்காரணம் கொண்டும் அடியில் போடாதீர்கள்; நெய் பட்டதும் அச்சு மை பண்டத்துக்கு ஏறும்.

பூ வைப்பதாக இருந்தால் விளிம்புக்கு வெளியே மட்டும் சுற்றுங்கள். பிச்சியும் மல்லியும் நெய்ப் பண்டத்துக்கு அருகில் இருந்தால் அரை மணி நேரத்தில் அல்வாவில் பூவாசம் ஏறிவிடும். சந்தனம், கற்பூரம் உள்ள தட்டையும் இனிப்புத் தட்டையும் சேர்த்து வைக்காதீர்கள்.

9. அடுக்குதல் (விசேஷத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு)

பால்கோவாவும் கருப்பட்டி மிட்டாயும் அன்று காலை வாங்கியதாக இருக்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போய் வாங்குபவர்கள் முதல் நாள் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்து, அடுக்குவதற்கு அரை மணி நேரம் முன் வெளியே எடுங்கள். சில்லென்று எடுத்தவுடன் தட்டில் வைத்தால் மேலே நீர் முத்துமுத்தாகக் கோக்கும்.

முதலில் நடு. கையகல ஓலைக்கொட்டான் ஒன்றை நடுவில் வைத்து அதற்குள் மக்ரூனை நிமிர்த்தி அடுக்குங்கள். உயரமும் கிடைக்கும், வெள்ளை நிறம் நடுவில் நிற்கும், நெய்யிலிருந்து பாதுகாப்பும் ஆகும். ஆனால் மக்ரூனை வைப்பது கடைசியில். இப்போதைக்கு வெறும் கொட்டான் மட்டும்.

அடுத்து, கொட்டானைச் சுற்றி ஆறு பாகம். வட்ட வட்டமாக அடுக்குவதைவிடச் சக்கரத்தின் ஆரம்போல் பாகம் பிரிப்பதே வீட்டுக்கு ஏற்றது. வட்டமாக அடுக்கினால் இரண்டு பேர் எடுத்தவுடன் பல் விழுந்த வாய்போல் தெரியும். பாகமாக இருந்தால் குறைந்த இடத்தில் மட்டும் நிரப்பிவிடலாம். வரிசை இப்படி இருக்கட்டும்: அல்வா, பால்கோவா, முந்திரிக்கொத்து, கருப்பட்டி மிட்டாய், தேங்காய் பர்பி, கடலைமிட்டாய். பழுப்புக்கு இடையில் வெள்ளை வந்துவிடும். பாகு சொட்டும் கருப்பட்டி மிட்டாய் கடலைமிட்டாயை விட்டு விலகி நிற்கும். கடலைமிட்டாய் மறுபக்கம் அல்வாவைத் தொட்டாலும் அல்வா இலைவட்டத்தில் இருப்பதால் பாதகமில்லை.

பாகங்களுக்கு இடையே இரண்டு விரல் அகல இலைத்துண்டை நீளவாக்கில் மடித்து வேலிபோல் நிறுத்துங்கள். கருப்பட்டி மிட்டாய்க்கு அடியில் மட்டும் இலை இரண்டு மடங்காக இருக்கட்டும். பால்கோவாவைக் குவியலாக வைக்காமல், நெய் தடவிய சிறு கிண்ணியில் அழுத்திக் கவிழ்த்து வைத்தால் ஓரம் காயாது. கடலைமிட்டாயைச் சரிவாக ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வையுங்கள், படுக்கவைத்தால் எடுபடாது.

பிஸ்தாவோ செர்ரியோ தூவ வேண்டும் என்று தோன்றும். தேவையில்லை. வெட்டிய பழத்தை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதன் சாறு இறங்கினால் தட்டு முழுவதும் போச்சு.

விருந்தாளிகள் வரத் தொடங்கியதும் மக்ரூன் உறையைப் பிரித்துக் கொட்டானை நிரப்புங்கள்.

10. எறும்பு, ஈ, பயணம்

அடுக்கிய தட்டை நேராகத் தரையிலோ மேசையிலோ வைக்காதீர்கள். அகலப் பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு செம்பைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டை வையுங்கள். மேலே வலைமூடி போதும். ஈரத்துணி போட்டு மூடுவது பெரிய தவறு.

தட்டைக் காரில் கொண்டுபோவதாக இருந்தால் கண்ணாடித்தாள் சுற்ற வேண்டும். பண்டம் எதுவும் வெதுவெதுப்பாகக்கூட இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே ஆவி கட்டும். தாளை மேலே கூட்டி நூலால் கட்டுங்கள், நாடா ஒட்டினால் சபையில் பிரிக்கும்போது கிழித்து எடுக்க வேண்டிவரும். தென்காசி, அம்பாசமுத்திரம் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் வீட்டில் அடுக்காதீர்கள். இலைவட்டங்கள், கொட்டான், பண்டங்கள் எல்லாவற்றையும் தனித்தனி டின்னில் கொண்டுபோய் அங்கே அடுக்குங்கள். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. முதன்முறை என்றால் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் அடுக்க ஒரு மூலை கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டுவையுங்கள்.

11. முடிந்த பிறகு

மீந்ததை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். பால்கோவாவை அன்றே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். மக்ரூனும் கடலைமிட்டாயும் தனித்தனி டின்னில் காற்றுப் புகாமல் மூடினால் மறுநாளும் மொறுமொறுப்பு இருக்கும். மக்ரூன் தளர்ந்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். மிகக் குறைந்த சூட்டில் பத்து நிமிடம் ஓவனில் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும். முந்திரிக்கொத்தை ஊருக்குப் போகும் சொந்தங்களுக்குக் கட்டிக் கொடுக்கலாம். இரவு ரயிலில் சென்னைவரை போனாலும் ஒன்றும் ஆகாது. வாடகைத் தாம்பாளத்தை அன்றே வெந்நீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். நெய்யோடு ஓர் இரவு கிடந்தால் பித்தளையில் பச்சை பிடிக்கும், அதைத் துலக்கிக் கொடுக்கச் சொல்லிக் கடையில் முன்பணத்தில் பிடித்தம் செய்வார்கள்.